ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு

அன்புள்ள யாழினி,

“ஊசியைக்கூடப் போட்டுவிடுவேன் அத்தை, காதில் குத்தி ரத்தம் எடுக்க மட்டும் என்னால் ஆகாது” என்று நேற்று போனில் சொன்னாய். உன் பூனை மருதுவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. அதனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நிதானமாக எழுதலாம் என்று இருந்துவிட்டேன். இரண்டில் நீ பயப்பட வேண்டியது இன்சுலினுக்குத்தான், கண்ணு. காதில் குத்துவது அந்த இன்சுலினிடமிருந்து மருதுவைக் காப்பாற்றுவதற்காக.

மருது ஐந்து கிலோ இருப்பானா? அவனுக்கு டாக்டர் எழுதியிருப்பது காலையில் ஒரு யூனிட், மாலையில் ஒரு யூனிட். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் அந்த உடம்புக்கு அரை யூனிட் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். ஒரு நாள் வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் கிடப்பான். இன்னொரு நாள் அவன் கணையமே தானாகக் கொஞ்சம் இன்சுலின் சுரக்கத் தொடங்கியிருக்கும். பூனைகளுக்கு இது நடக்கும், பின்னால் சொல்கிறேன். அப்படிப்பட்ட நாளில் வழக்கம்போல ஊசியைப் போட்டால் சில மணி நேரத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். சர்க்கரை கூடுதலாக இருந்தால் நாட்கணக்கில் உடம்பு கெடும். குறைந்தால் அன்றைக்கே உயிர் போகலாம். ஊசியைத் தூக்குவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டு ரத்தத்தைத் தவிர வழியில்லை.

சிறுநீரில் பார்க்கிற பட்டை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டாய். போதாது. பூனையின் ரத்தத்தில் சர்க்கரை 250, 280 என்று ஏறிய பிறகுதான் சிறுநீரில் அது வழியத் தொடங்கும். பட்டையில் சர்க்கரை இல்லை என்று வந்தால் ரத்தத்தில் 200 இருக்கலாம், 40ம் இருக்கலாம். நாம் பயப்படுகிற பக்கத்தை அந்தப் பட்டை காட்டவே காட்டாது. கீட்டோன் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள். மருது சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சோர்ந்து கிடக்கும்போது பட்டையில் கீட்டோன் தெரிந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

“கிளினிக்கிலேயே பார்த்துக்கொள்கிறேன்” என்பது உன் அடுத்த யோசனை. பூனைக்குப் பயம் வந்தாலே சர்க்கரை ஏறும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுங்கி, நாய் குரைக்கிற கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் குத்தினால், சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட 300 காட்டலாம். அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், அமைதியாக வீட்டில் படுத்திருக்கும் பூனைக்கு அது அதிகப்படி. டாக்டர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கடந்த ஓரிரு வாரத்துச் சராசரியைச் சொல்கிற ஃபிரக்டோசமைன் என்ற பரிசோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். அது நோயை உறுதிப்படுத்த உதவும். இன்று மாலை ஊசி போடலாமா என்பதற்குப் பதில் சொல்லாது. அந்தப் பதில் உன் வீட்டில், மருதுவின் காது ஓரத்தில்தான் இருக்கிறது.

காது ஓரத்திலிருந்து நுண்துளி எடுத்துக் கையடக்க மீட்டரில் பார்க்கிற முறையை 2000ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் எழுதி வெளியிட்டார்கள். கிளாடியா ராய்ஷ் என்ற பேராசிரியை அந்தக் குழுவில் இருந்தவர். பிறகு அதே முறையை வீட்டுக்காரர்களின் கையில் கொடுத்து மாதக்கணக்கில் கவனித்து, 2005இல் அதையும் வெளியிட்டார்கள். நர்சு வேலை தெரியாத சாதாரண மனிதர்கள் சமையலறை மேசையில் செய்து பழகிய காரியம் இது.

இனி கையைப் பற்றி எழுதுகிறேன். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் சில நாட்கள் குத்தவே குத்தாதே. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே துண்டை விரித்து அவனை உட்கார வை. காதைத் தடவு, ஓரத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடி, விடு. உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடு. உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேராத கோழி. வெங்காயம் பூனைக்கு நஞ்சு. பிஸ்கட் வகைத் தின்பண்டம் வேண்டாம், அதில் மாவு இருக்கிறது. பிறகு குத்துகிற லான்செட் பேனாவைக் காதுக்குப் பக்கத்தில், தொடாமல், ‘க்ளிக்’ என்று சத்தம் மட்டும் எழுப்பிக் கோழி கொடு. பல பூனைகள் குத்துக்கு மிரளாது, அந்தச் சத்தத்துக்குத்தான் துள்ளும். அந்தத் துண்டை விரித்தாலே அவன் தானாக வந்து உட்காருகிற நாள் வரும். அப்போது குத்தலாம்.

காதை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார். வெளி ஓரத்தை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் மெல்லிய கோடாக ஓடும். குத்த வேண்டியது அந்தக் குழாயில் இல்லை. குழாய்க்கும் காது விளிம்புக்கும் நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது பார், அங்கே. சர்க்கரை இருந்த எங்கள் பூனை கருப்பிக்குக் காது முழுக்கக் கறுப்பு என்பதால் பின்னால் டார்ச் பிடித்துத்தான் தேட வேண்டியிருந்தது. மருது செம்பட்டை, அவன் காது இளஞ்சிவப்பு. உனக்கு அந்தக் கஷ்டம் கிடையாது.

குளிர்ந்த காதில் ரத்தம் வராது. முதலில் தோற்றுப்போகிற பெரும்பாலோருக்கு இதுதான் காரணம். குத்தத் தெரியாததால் இல்லை. பழைய சாக்ஸ் ஒன்றில் ஒரு கைப்பிடி பச்சரிசி போட்டு முடிந்து, லேசாகச் சூடாக்கிக்கொள். உன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார். உனக்கு இதமாக இருந்தால்தான் அவன் காதில் வைக்கலாம். அரை நிமிடம் பிடித்தால் காது சூடேறி ரத்தக்குழாய் தடிக்கும். ஏ.சி. அறையில் இருந்து வந்த பூனை என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே. அந்த வாடையே பூனையை விரட்டிவிடும். காயாத ஸ்பிரிட் ரத்தத்தில் கலந்தால் எண்ணும் தப்பும். காது உலர்ந்து சுத்தமாக இருந்தால் போதும். குத்தப் போகிற இடத்தில் வாஸ்லினை மிக மெல்லிசாகத் தடவினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் உருண்டையாக நிற்கும். ஸ்ட்ரிப்பை முதலிலேயே மீட்டரில் செருகித் தயாராக வை. காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை வைத்துப் பிடி, இல்லாவிட்டால் உன் விரலிலும் குத்தும். லான்செட்டில் எண் கூடக்கூட ஊசி மெலியும். பழகுகிற நாட்களில் 28 போல சற்றுத் தடித்ததை வாங்கு. அடிக்கடி குத்தப்பட்ட காதில் நுண்ணிய குழாய்கள் வளர்ந்து ரத்தம் சுலபமாக வரும், பிறகு மெலிந்த ஊசிக்கு மாறலாம்.

சொட்டு கடுகளவு வந்தால் போதும். இப்போதைய ஸ்ட்ரிப்புகள் பலவற்றுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் பாதிதான் தேவை. சொட்டின் ஓரத்தில் ஸ்ட்ரிப்பின் நுனியைத் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அவன் தலையை ஆட்டுகிறான் என்றால் சொட்டை உன் நகத்தில் ஏந்திக்கொண்டு அவனை விட்டுவிடு. நகத்திலிருந்து ஸ்ட்ரிப்புக்குக் கொடு. பிறகு, எண்ணைப் பார்க்கிற அவசரத்தில் இதை மறந்துவிடாதே: குத்திய இடத்தைப் பஞ்சால் சில நொடி அழுத்திப் பிடி. அழுத்தாவிட்டால் தோலுக்கடியில் ரத்தம் கட்டிக் கன்றிப்போகும், அடுத்த முறை அங்கே தொட்டால் வலிக்கும். இடது காது, வலது காது என்று மாற்றி மாற்றிக் குத்து. கோழித் துண்டு எண் வந்தாலும் உண்டு, வராவிட்டாலும் உண்டு.

கட்டிலுக்கு அடியிலிருந்து அவனை ஒருபோதும் இழுத்துக் கொண்டுவந்து குத்தாதே. இரண்டு மூன்று குத்துக்கு ரத்தம் வரவில்லை என்றால் அந்த வேளைக்கு விட்டுவிடு. அப்படி எண் கிடைக்காத வேளையில் ஊசி போடுவதா, குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள். நடுக்கத்தோடு நிற்கிறபோது முடிவெடுக்கக் கூடாது.

மீட்டர் பற்றி ஒன்று. மனிதர் ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுவுக்குள் இருக்கும். பூனை ரத்தத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பிளாஸ்மாவில் மிதக்கும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் விற்கிற மனிதர் மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். விலங்குகளுக்கென்றே ஆல்ஃபாட்ராக் போன்ற மீட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் ஸ்ட்ரிப் விலை அதிகம், கிடைப்பதும் சிரமம். மனிதர் மீட்டரை வைத்தே நன்றாகப் பார்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிடு, பிறகு அதை மாற்றாதே. நல்ல மீட்டருக்குக்கூட நூற்றுக்குப் பதினைந்து முன்னே பின்னே அனுமதி உண்டு, அதனால் 210க்கும் 230க்கும் வித்தியாசம் தேடி மனதை வருத்திக்கொள்ளாதே. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை உடனே மூடு. சென்னை வெயிலுக்கு வீட்டிலேயே குளுமையான அறையில் வை, ப்ரிட்ஜில் வேண்டாம். இன்சுலின்தான் ப்ரிட்ஜில் இருக்க வேண்டும். உறைகிற பகுதியை ஒட்டி வைக்காதே.

நீ பாட்டிக்கு சுகர் பார்த்துக் கொடுத்துப் பழகியவள். அந்தப் பழக்கம் உனக்குப் பெரிய பலம். ஆனால் பாட்டியிடம் கற்ற இரண்டு விஷயங்களை மருதுவிடம் கொண்டுவரக் கூடாது. வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என்ற கணக்கு அவனுக்கு இல்லை. அவனுக்கு ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கு.

இன்னொன்றை அடிக்கோடிட்டுப் படி. பாட்டிக்கு வாங்கிய இன்சுலின் புட்டி மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். மருதுவுக்கு எழுதியிருக்கும் கிளார்ஜின் வகை இன்சுலின் மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். நம் ஊர்க் கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். “இன்சுலின் சிரிஞ்ச் கொடுங்க” என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு வரை கிளார்ஜினை இழுத்தால் அது ஒரு யூனிட் இல்லை, இரண்டரை யூனிட். அந்த உடம்பு அதைத் தாங்காது. பாட்டியின் பழைய சிரிஞ்சுகள் வீட்டில் மிச்சம் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்து. புட்டியில் இருக்கிற எண்ணும் சிரிஞ்சில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடையிலேயே நின்று பார். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் அதையே வாங்கு.

இனி எண்கள். நோயில்லாத பூனைக்கு 80இலிருந்து 120 வரை. மருதுவுக்கு அதை எதிர்பார்க்காதே. ஊசிக்கு முன்னால் 250, 300 என்று ஆரம்பத்தில் வரும், பாட்டிக்கு வந்தால் வீடே பதறியிருக்கும். நீ பதறாதே. ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து அவன் சர்க்கரை இறங்குகிற அடிமட்டம் எது என்பதுதான் மருந்தைத் தீர்மானிக்கும். அது 80க்கும் 150க்கும் நடுவில் வந்தால் நன்று. காலையில் பார்த்த பெரிய எண்ணைக் கண்டு, கேட்காமல் ஒரு யூனிட் கூட்டிவிட்டால், மதியம் நீ ஆபீசில் இருக்கும்போது அவன் தனியாக விழுந்து கிடப்பான். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் கையில் இருக்கட்டும். ஒரு வேளை ஊசி தவறிப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடாதே.

அடிமட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு விடுமுறை நாளை அவனுக்கென்று ஒதுக்கு. காலை ஊசிக்கு முன்னால் தொடங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மாலை ஊசி வரை குத்திப் பார்த்து எழுது. நேரம், எண், சாப்பிட்டது, தூங்கியது எல்லாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பு. அவர் கிளினிக்கில் ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்துப் பார்த்தாலும் இவ்வளவு உண்மையான கணக்கு கிடைக்காது. மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்கிற ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரைப் பூனைக்கும் ரோமம் மழித்து ஒட்டுகிறார்கள். கையில் பணம் இருந்தால் ஒரு முறை செய்து பார்க்கலாம். பதினான்கு நாள் தாங்கும் என்பார்கள், பூனை அதற்குள் பிய்த்துவிடவும் கூடும். அதில் தாழ்ந்த எண் வந்தால் காதில் குத்தி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆக, காதை விட்டுத் தப்ப முடியாது.

60க்குக் கீழே வந்தால் அது அபாயமான இறக்கம், ஊசியைத் தொடவே தொடாதே. தள்ளாடுதல், நடுக்கம், திடீரென்று வெறி பிடித்ததுபோல் பசி, கண்கள் வெறித்த பார்வை, வலிப்பு இவை எல்லாம் அந்த இறக்கத்தின் அடையாளம். நினைவோடு இருந்தால் உடனே சாப்பாடு வை. சோர்ந்திருந்தால் தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவு. வாய்க்குள் ஊற்றாதே, புரையேறும். வலிப்பு வந்திருந்தால் விரலை வாய்க்குள் விடாதே, கடித்துவிடுவான், உதட்டோரம் தடவினால் போதும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்திப் பார். எண் ஏறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே போன இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். தேன் பாட்டிலை ப்ரிட்ஜின் மேலே, உன் அறைத்தோழிக்கும் தெரிகிற இடத்தில் வை. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை ஒரு தாளில் எழுதி அங்கேயே ஒட்டு.

உணவில் சுருக்கமாகச் சொல்கிறேன். பூனை கறி தின்னப் பிறந்த உயிர். நம் வீடுகளில் பால்சோறும், புரட்டாசி வந்தால் தயிர்சோறும் வைத்துப் பழக்கிவிடுகிறோம். மருதுவுக்கு இனி சோறும் வேண்டாம், உலர்ந்த உருண்டைத் தீவனமும் முடிந்தவரை வேண்டாம். மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற வேண்டும். ஆனால் நீயாக ஒரே நாளில் மாற்றிவிடாதே. மாவுச்சத்து குறைந்தால் அவனுக்குத் தேவையான இன்சுலினும் குறையும். பழைய அளவு ஊசி அன்றைக்கே கூடுதலாகிவிடும். டாக்டரிடம் சொல்லி, தினமும் குத்திப் பார்த்துக்கொண்டே மாற்று. இதற்கும் அந்தச் சொட்டுதான் துணை.

கணையம் திரும்ப வேலை செய்யும் என்று முதலில் சொன்னேன் அல்லவா? பூனையின் சர்க்கரை நோய் பெரும்பாலும் நம் பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகையைப் போன்றது. விரைவாகக் கட்டுக்குள் கொண்டுவந்தால் சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாத நிலை வரும். கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே அடிக்கடி ரத்தம் பார்த்து கிளார்ஜின் கொடுத்த 55 பூனைகளைக் கவனித்தார்கள். நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம் ஊசியிலிருந்து விடுபட்டன. அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், அந்த வீட்டுக்காரர்கள் மிகவும் முனைந்து செய்தவர்கள். மருதுவுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கருப்பிக்குக் கடைசிவரை ஊசி இருந்தது. இருந்தாலும் வருடக்கணக்கில் நிம்மதியாக வாழ்ந்தாள். ஆனால் உனக்கு இது தொடக்கம், ஆறு மாதக் கதவு திறந்திருக்கிறது. தயங்கிக் கழிக்கிற வாரங்கள் அந்தக் கணக்கில்தான் கழியும். பின்னங்காலைக் குதிகால் வரை தரையில் பதித்து நடக்கிறான், ஜன்னல் திண்டுக்குத் தாவுவதில்லை என்றாயே, அது சர்க்கரை நரம்பைப் பாதித்ததால். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு மெல்ல மெல்ல அது சரியாகிறது.

பூனைக்குப் போய் இவ்வளவா என்று உன் அம்மா கேட்டிருக்கிறாள். அவளிடம் கோபப்படாதே. மருது தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து, தின்றும் இளைத்து, எழுந்து நிற்கக் கஷ்டப்பட்டதை அவள் அருகிலிருந்து பார்க்கவில்லை. ஒரு முறை வரும்போது நீ குத்துவதையும், அவன் கோழித் துண்டைத் தின்றுவிட்டு உன் மடியிலேயே படுத்துக்கொள்வதையும் பார்க்கட்டும். முடிந்தால் துண்டை விரித்துக் கொடுக்கிற வேலையை அவளிடமே கொடு. நீ ஊரில் இல்லாத நாளில் இன்னொரு கை வேண்டும்.

சனிக்கிழமை டாக்டரிடம் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போ. ஊசிக்கு முன்னால் எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் போடக் கூடாது என்று கேள். 150 என்பார்கள், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 200 என்றும் சொல்வார்கள். உன் டாக்டரின் எண் எதுவோ அதை எழுதிக்கொள். சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று கேள். பல்லிலும் ஈறிலும் சீழ் இருக்கிறதா பார்க்கச் சொல், அதுவே சர்க்கரையை இறங்கவிடாது. முன்பு தோல் அரிப்புக்குப் போட்ட ஊசி ஸ்டீராய்டா என்றும் விசாரி. அது சர்க்கரையை ஏற்றும். ஊசி போடக் கற்றுக்கொடுக்கும்போது காதில் குத்தவும் ஒரு முறை உன் கையைப் பிடித்துக் காட்டச் சொல். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உனக்குப் பக்கம்தான். உன் டாக்டருக்கு நேரமில்லை என்றால் அங்கே கேட்டுப் பார்.

அரிசி சாக்ஸைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், இரண்டாகத் தைத்திருக்கிறேன். முதல் சொட்டு எடுக்கிற அன்றைக்கு வீடியோ காலில் கூப்பிடு. போனை எங்கே சாய்த்து வைத்தால் காது தெரியும் என்று முன்னமே பார்த்து வை.

அன்புடன்,
அத்தை